ஓடையில் விட்ட மஞ்சள் பூ

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். மாதாவுக்கு வைத்த பூவையே குறை சொல்கிறான் என்று பேச்சு வருமே என்ற பயம். ஜெபித்துவிட்டு எழுதுகிறேன். தோட்ட வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும்.

1. கெபிக்கு வந்த செடி

கோவில்பட்டிப் பக்கம் மில், பள்ளிக்கூடம், வீடுகளுக்குப் புல்தரையும் பூச்செடியும் போட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஊரில் மாதா சிலை நிற்கும் குகை போன்ற கெபியைச் சுற்றி வெடேலியா வைத்தேன். தரையோடு படரும், மஞ்சள் பூ, கணுவுக்குக் கணு வேர் விடும்.

திருவிழாவில் அதைக் கொடியோடு அறுத்துக் கெபியை அலங்கரிப்போம். மாதாவுக்கு வைத்தது கால்மிதிபடக் கூடாது என்று, பிறகு கண்மாய் ஓடையில் விட்டுவிடுவோம். கரிசல் வெயிலில் காய்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஓடையில் ஈரம் இருந்தது.

2. ஆடு திங்காத பச்சை

ஒரு பங்குனியில் ஆடு மேய்க்கும் வேலம்மாள் கெபிக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க மாதாவுக்கு எம் மேல என்ன கோவம்?"

"என்னத்தா இப்படிக் கேக்க?"

"ஓடைப் புல்ல நம்பித்தான் கோடையக் கழிக்கேன். இப்ப அங்கன பூராவும் ஒங்க மஞ்சப் பூதான். ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்புது. இப்படியே போனா எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான்."

வேலம்மாளோடு போய்ப் பார்த்தேன். ஒரு பிடி புல் தெரியவில்லை. மம்பட்டியோடு இறங்கினேன். கெபி அலங்காரம் பார்க்கும் ரோஸ்மேரி மதினி கரையில் நின்று சத்தம் போட்டார்.

"மாதா பூவ வெட்டுதீரே, கை வெளங்குமாவே?"

"மந்திரிச்ச பழைய குருத்தோலையவே எரிச்சுத்தானே மதினி சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசுதோம்?"

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"ஆட்டுக்காரி, அந்தப் பக்கம் புடி. வாய் மட்டும் நீளுது ஒனக்கு."

3. இப்போது

பிடுங்கினோம். சேற்றில் ஒரு கணு கிடந்தாலும் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். வேலம்மாள் பாதி ஆடுகளை அதற்குள் விற்றுவிட்டாள். இன்றும் மழை வெறித்ததும் நாங்கள் மூவரும் ஓடைக்குப் போகிறோம். முட்டி வலிக்கிறது. ஜெபமாலை சொல்லிக்கொண்டே பிடுங்குகிறேன்.

கெபிப் பூவை இப்போது சிமெண்டுத் தரையில் சருகாக உலர்த்தி எரிக்கிறோம். சாம்பல் கெபி ரோஜாவுக்குப் போகிறது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாதாவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், வேலம்மாளின் ஆடுகள் போனதை மறைக்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.