கொழும்புக்குப் புயல் வராது

நான் முப்பத்தொரு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவன். என் மேசைக்கு வந்த வேலை புயல். சிரிக்க வேண்டாம், அப்படித்தான் வேலையைப் பிரித்திருந்தார்கள். எந்தக் காலத்தில், எந்த மாவட்டத்தில், எந்தப் புயல் எத்தனை கூரையைப் பிய்த்தது என்று பழைய கோப்புகளைத் தோண்டி ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். மட்டக்களப்புக்கு நாலு தடித்த கோப்பு. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைய. கொழும்புக்கு இருந்ததோ மெல்லிய மஞ்சள் கோப்பு ஒன்று. ஹெவ்லொக் டவுனில் கார்மேல் விழுந்த மரம், கல்கிசையில் கடற்காற்று தூக்கிக்கொண்டு போன தகரக் கூரை, கொட்டாஞ்சேனையில் சரிந்த மதில் என்று உள்ளே சில தாள்கள். மேலட்டையில் ‘குறைந்த அபாயம்’ என்று ஒரு ரப்பர் முத்திரை. குத்தினவன் நான்தான்.

வெள்ளம் வேறு பகுதி. அது மேல்மாடியில், வேறொருவருடைய அலுமாரியில் இருந்தது. காற்று அடித்து உடைத்தால் என் கோப்பு. அதே புயல் மலையில் கொட்டிய மழை ஆற்றோடு இறங்கி வந்து ஒரு வீட்டை மூழ்கடித்தால் அது மேல்மாடிக் கோப்பு. இத்தனை வருடத்தில் படியேறிப் போய் ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்த்தேனா? இல்லை. எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

ஆனால் குடும்பத்தில் புயல் என்றால் நான்தான் பெரிய பண்டிதர். ரேடியோவில் தாழமுக்கம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், சொந்தக்காரர் எல்லாரும் எனக்குக் கோல் எடுப்பார்கள். “கொழும்புக்குப் புயல் வராது” என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. இல்லை என்று இப்போது மறைத்து என்ன பயன்?

மனைவி மட்டும் நம்பமாட்டாள். அவள் மட்டக்களப்புக்காரி. அந்த ஊரை அடித்துப்போட்ட புயலில், எட்டு வயதில், கட்டிலுக்குக் கீழே கிடந்தவள். விடிந்து எழும்பினபோது வீட்டுக்கு மேலே வானம்தான் இருந்ததாம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டில், நவம்பர் பிறந்தால் பல்கனிப் பூச்சாடி எல்லாம் உள்ளே வந்துவிடும். “உன்ர பூச்சாடி பறந்து போய் மாலைதீவில விழப்போகுது” என்று பகிடி பண்ணுவேன். “பண்ணுங்க, பண்ணுங்க. காத்துக்குப் பகிடி விளங்காது” என்பாள்.

எனக்கு ஒரே ஒரு அண்ணா. எங்கள் அப்பா சாகும்போது அவருக்குப் பதினேழு வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் ஹாபருக்கு, துறைமுக வேலைக்குப் போய் என்னைப் படிப்பித்தவர். அவர் கலியாணம் கட்டவில்லை. கேட்டால் “முதல்ல உன்ர படிப்பு” என்றார். பிறகு “முதல்ல உன்ர கலியாணம்” என்றார். அதற்குப் பிறகு கேட்க நானே மறந்துபோனேன். பென்ஷன் எடுத்த பின், கொழும்பை ஒட்டி ஓடும் களனி கங்கைப் பக்கமாக ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருந்தார். மேல்தட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். எழுபத்தாறு வயது, ஒரு முழங்கால் மடியாது.

கூப்பிடாமல் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். நத்தார்ப் பண்டிகைக்குக்கூட நான் கோல் எடுத்து “வாங்கோ அண்ணா” என்று சொன்னால்தான் வருவார். தம்பி வீடாக இருந்தாலும் ஒரு சொல் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். வரட்டுமா என்று தானாகக் கேட்கவும் மாட்டார்.

அந்த நவம்பரில் புயல் கிழக்குக் கரையால் ஏறியது. வியாழக்கிழமை பின்னேரம் அண்ணா கோல் எடுத்தார்.

“தம்பி, ரேடியோவில என்னவோ சொல்றாங்கள். அங்கால காத்து எப்பிடி?”

“காத்து ஒண்டும் இல்லை அண்ணா. அது மலையில மோதி உடைஞ்சிடும். கொழும்புக்குப் புயல் வராது.”

“ஓமோ? சரி, சரி” என்றார். கொஞ்ச நேரம் லைனில் நின்றுவிட்டு வைத்தார்.

வெள்ளி முழுக்க மழை. காலையிலேயே மறுபடி எடுத்தார். ஜன்னல் படபடக்கிறது, காற்று இன்னும் கூடுமா என்று கேட்டார். மணிக்கு அறுபதைத் தாண்டாது என்று நான் அளந்தேன். பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“அவர இங்க வரச் சொல்லுங்களன். ஆத்தங்கரையில தனிய இரிக்கார்.”

“வரோணும் எண்டா வருவார்தானே. சொந்த அண்ணாவை வெத்திலை பாக்கு வச்சே அழைக்கோணும்?”

“நான் நேத்தே எடுத்துக் கூப்பிட்டுப் பாத்திட்டன். ‘தம்பி ஒண்டும் சொல்லயில்லையே பிள்ள, இரிக்கட்டும்’ எண்டுட்டார். நீங்க சொல்லணும். உங்கட வாயால சொல்லணும்.”

சொல்லுவம், சொல்லுவம் என்றேன். அவள் பயத்துக்கு நான் ஏன் ஆடவேண்டும் என்ற தலைக்கனம். வேறொன்றும் இல்லை. அண்ணா வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கடவுளாணை. ஆனால் கூப்பிட்டால் கொழும்புக்கும் புயல் வரும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் மழை விட்டு வெயிலும் எறித்தது. காலி வீதியில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சாடிகளை நானே பல்கனிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். வென்றவன் அல்லவா! பத்து மணிக்கு அண்ணாவின் மூன்றாவது கோல்.

“தம்பி, தண்ணி முதல் படிக்கு வந்திருக்கு.”

“புயல் முடிஞ்சு போச்சு அண்ணா. இது மிச்சத் தண்ணி, பின்னேரம் வடிஞ்சிடும். இங்க நல்ல வெயில்.”

“வெயிலோ? நல்லது.” பிறகு, “மனிசி சுகமா இருக்கிறாவோ?” என்றார்.

“சுகம்.”

“வேற என்ன?”

“வேற ஒண்டும் இல்லை அண்ணா.”

மலைநாட்டில் இரண்டு நாளாகக் கொட்டியது முழுவதும் அந்த நேரம்தான் களனி கங்கையால் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு புயல் ஊருக்குள் கால் வைக்காமலே ஊரை முடிக்கும் என்பதை முப்பத்தொரு வருடம் புயல் எழுதின எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் டிவியில் ஆற்றைக் காட்டினார்கள். “கோல் எடுங்க” என்றாள் மனைவி. சாப்பிட்டுவிட்டு எடுக்கிறேன் என்றேன். சாப்பிட்டதும் கண்ணைக் கட்டியது, படுத்துவிட்டேன். ஐந்து மணிக்கு எழும்பி எடுத்தால் ஃபோன் செத்துக் கிடந்தது. கரண்ட் இல்லாமல் சார்ஜ் இறங்கியிருக்கும், மேல்வீட்டார் கூட்டிக்கொண்டு ஏறியிருப்பார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு த்ரீவீலில் போனேன். பாதி வழியில் றோட்டே இல்லை, தண்ணீர்தான். திங்கள் முழுக்க, வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலைகளில் சனத்தோடு சனமாகத் தேடினேன். செவ்வாய் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபோது அயலவர் இரண்டு பேர் என்னோடு உள்ளே வந்தார்கள். முன்கதவுக்கு உள்ளே கிடந்தார் அண்ணா. நல்ல சேர்ட் உடுத்தி, சப்பாத்தும் போட்டிருந்தார். வீட்டுக்குள்ளே ஏன் சப்பாத்து என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஐயோ, என்னைத் தூக்கி வளர்த்த மனிதர், சேற்றுக்குள்ளே கிடந்தார்.

நான் அப்பவே சொன்னேன் என்று மனைவி கத்தியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அவளோ எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், உடுப்பு எடுத்து வைத்தாள், அழுதாள். அவளுடைய அந்த நல்ல குணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

சேமக்காலையில் குழி மூடினபிறகு மேல்வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

“சேர், சனிக்கிழம பகல் ஆக்கள ஏத்த போட் வந்த நேரம் நாங்க அங்கிளக் கூப்பிட்டம். சேர்ட் உடுத்து, சப்பாத்துப் போட்டு, பேக்க மடியில வெச்சிட்டு கதிரையில இருந்தாரு. ‘நீங்க போங்க, தம்பி இப்ப கோல் எடுத்து வரச் சொல்லுவான்’ எண்டாரு. நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்க எண்டுதான் நாங்க நினச்ச. அல்லாவே, தெரிஞ்சிருந்தா தூக்கிட்டாவது போயிருப்பம்.” பிறகு கேட்டார், “நீங்க கோல் எடுக்கல்லயா சேர்?”

மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

“எடுத்தனான். லைன் கிடைக்கேல்லை” என்றேன்.

அந்த நேரம் நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டுகொண்டிருந்தேன்.