வெந்நீர்த் தொட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை

தொட்டித் தண்ணீரை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று நான் கேட்டதும், அந்தப் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது விரல் மடங்கும்போதே நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"போன ஞாயித்துக்கெழம மாத்துனதுங்க. திங்கக்கெழம ரெண்டு பேரு வந்தாங்க. அப்புறம் நேத்து ஒரு குடும்பம். அவ்ளோதானுங்க."

"குடும்பம்னா எத்தன பேரு?"

"சின்னதும் பெருசுமா ஏழு பேரு இருப்பாங்க. ஆனா மருந்து போட்டிருக்குதுங்க. தண்ணி கண்ணாடியாட்ட இருக்குது, எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. நகராட்சிக் குழாயில் மருந்து அதிகமாகப் போட்ட நாளில் வரும் வாடை அடித்தது. ஒன்பது பேர் ஊறிய தண்ணீர். நான் அதில் கால் வைக்கப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் வாடகைக்கு விடும் வீடு அது. எங்கள் மகனும் மருமகளும் இரண்டு இரவுக்குப் பதிவு செய்திருந்தார்கள். பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத இடத்தில் போய் எதற்காக இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது என் கேள்வி. அதற்கான பதில் மருமகள் காட்டிய படத்தில் இருந்தது. வீட்டின் பின்னால், மலையைப் பார்த்தபடி ஒரு ஹாட் டப். ஆவி பறக்கும் தண்ணீரில் யாரோ இருவர் கழுத்தளவு மூழ்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இதுல உக்காந்தா முட்டிக்கு நல்லாருக்குமாட்ட" என்றாள்.

எங்கள் கல்யாணத்துக்கு நாற்பத்தாறு வருடம் ஆகிறது. அவளாக வாய்விட்டு ஒன்றைக் கேட்டது ஏழெட்டு முறைக்கு மேல் இருக்காது. அவளுக்கு இரண்டு முழங்காலிலும் எலும்பு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடமாகிறது. "பாத்துக்கலாமுங்க" என்றே தள்ளிக்கொண்டு வருகிறாள். இரவில் அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் முனகும். நான்கு தடவைக்குக் குறைந்த நாள் கிடையாது. எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் முப்பத்தோரு வருடம் பஞ்சாலையில் நூலைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தவன். ஒரு கோன் நூலில் எத்தனை இடம் மெலிந்திருக்கிறது, எத்தனை இடம் தடித்திருக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. ஆகவே வந்த அன்று மாலையே தொட்டியைச் சுற்றி வந்துவிட்டேன். சிமெண்டு மேடைமேல் வைத்த ஃபைபர் தொட்டி. விளிம்பு என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. வெளியே ஏற மூன்று மரப்படிகள். உள்ளே சுற்றிலும் உட்காரத் திட்டு, திட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரே ஒரு படி. கைப்பிடி எங்கும் இல்லை. சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் ஆங்கிலத்தில் பதினோரு விதிகள். இரண்டு தடவை படித்தேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு இறங்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நான்காவது. உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது என்பது ஏழாவது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகனும் மருமகளும் காலையில் மலையடிவாரக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். படி ஏற முடியாதென்று என் மனைவி போகவில்லை. அவளுக்குத் துணையாக நான் இருந்துகொண்டேன். "நாங்க வந்ததுக்கப்புறம் டப்புல எறங்கலாம்ப்பா. பதினோரு மணிக்குள்ள வந்துருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மகன் காரை எடுத்தான். மணி எட்டு நாற்பது.

அவர்கள் போனதும் உள்ளே வந்து பார்த்தேன். அவள் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலை, கழுத்து, கை, கால் என்று நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் அரப்புப் பொடி. எண்ணெயைப் போக்கத் தலைக்குத் தேய்க்கும் இந்த இலைப்பொடியை அவள் எங்கே போனாலும் பையில் எடுத்து வருவாள்.

"என்ன அம்மிணி இது?"

"வெள்ளிக்கெழமைங்க. எண்ண வெச்சுப்போட்டேன். சுடுதண்ணி அங்க சும்மாதான கெடக்குது?"

"எண்ணெயோட எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"பின்ன சுடுதண்ணி எதுக்குங்க? வெறும் ஒடம்போட போய் வேகறதுக்கா?"

"அவங்க வரட்டும்."

"பதினோரு மணி மட்டும் எண்ணயோட உக்காந்திருந்தா சளி புடிக்கும். அப்புறம் எத்தன வாட்டி இருமறன்னு நீங்கதான் எண்ணுவீங்க."

இங்கேதான் நான் தவறினேன். மில்லில் எச்சரிக்கைப் பலகைகள் இரண்டு வகை. ஒன்று ஆளைக் காப்பாற்ற வைத்தது, மற்றது மெஷினைக் காப்பாற்ற வைத்தது. முதல் வகையை யாரும் மீற மாட்டோம். இரண்டாவதை அவசரத்துக்கு மீறியதுண்டு. மூன்றும் நான்கும் ஆளுக்கான விதிகள், ஏழு மெஷினுக்கானது என்று நான் பிரித்துக்கொண்டேன். எண்ணெய் போனால் ஃபில்டர் அடைக்கும், அவ்வளவுதானே. அவளுடைய இரத்த அழுத்தத்துக்குக் காலையில் மாத்திரை போட்டாயிற்று. வெப்பத்தை முப்பத்தெட்டுக்குக் குறைத்து வைத்தாயிற்று. கையில் கடிகாரம் இருக்கிறது.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்றேன்.

"செரீங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறினாள். விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உள்ளே போட்டு, மெல்ல இறங்கித் திட்டில் அமர்ந்தாள். நைட்டி பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. அதை அமுக்கிவிட்டுச் சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தியதும் நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. அவள் கண்ணை மூடினாள்.

மூன்றாவது நிமிடம் பாதத்தை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். பிறகு, "காலு இருக்கறதே தெரியலீங்க" என்றாள்.

அந்த முகத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். வலி அவள் முகத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்து வைத்திருந்தது என்பதே அது போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. புருவத்துக்கு நடுவில் இருந்த இரண்டு கோடுகளையும் காணவில்லை. தண்ணீருக்குள் முழங்காலை மடக்கினாள், நீட்டினாள். வீட்டில் அப்படி மடக்கினால் பல்லைக் கடிப்பாள். ஒன்பது பேர் ஊறிய தண்ணீரென்று முந்தின நாள் முகம் சுளித்ததற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பத்தாவது நிமிடம் கடிகாரத்தைக் காட்டினேன்.

"இன்னொரு அஞ்சு நிமிஷமுங்க."

பலகை பதினைந்து வரை இடம் கொடுக்கிறது. கொடுத்தேன். அதற்குள் தண்ணீர்மேல் எண்ணெய் படலமாகி, பீய்ச்சலில் அடிபட்டு நுரை கட்டத் தொடங்கியிருந்தது. மெஷின் பாவம் என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

பதின்மூன்றாவது நிமிடம் அவள் முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க, கண்ணக் கட்டறாப்பல இருக்குது" என்றாள்.

பீய்ச்சலை நிறுத்தினேன். "எந்திரி. மெதுவா எந்திரி."

திட்டில் கையை ஊன்றி எழுந்தாள். உள்படியில் வலது காலை வைத்தாள். கால் அப்படியே சறுக்கியது. மொத்த உடம்பும் பின்னால் சாய்ந்து, தண்ணீர் அவள் மூக்கு வரை ஏறி இறங்கியது. இருமிக்கொண்டே விளிம்பைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கி வந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. திட்டு, படி, விளிம்பு என எல்லா இடத்திலும் நல்லெண்ணெய். அவள் பாதத்திலும் உள்ளங்கையிலும் நல்லெண்ணெய். ஏழாவது விதியும் ஆளுக்குத்தான் எழுதப்பட்டது என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மீனைப் பிடித்தது போல நழுவியது. என் வலது தோளில் இரண்டு வருடமாகப் பிடிப்பு. இடது கையால் அக்குளில் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். முழங்காலை உந்தி எழ அவளால் முடியவில்லை, அவள் பாரத்தைத் தாங்க என்னாலும் முடியவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் புல் அறுக்கப் போயிருந்தாள். தோப்புக்குள் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மகனை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மணி ஒன்பது இருபத்தேழு. அவள் உள்ளே போய்ப் பதினாறு நிமிடம்.

தண்ணீரைத் திறந்துவிடலாமா என்று யோசித்தேன். திறந்தால் அவளைத் தாங்கிக்கொண்டிருக்கும் தண்ணீரும் போய்விடும். அப்புறம் அவளை அசைக்கவே முடியாது. செடிக்கு ஊற்றும் ஹோஸ் ஒன்று பக்கத்தில் கிடந்தது. குழாயைத் திருகி அதைத் தொட்டிக்குள் போட்டேன். மோட்டார் ஏற்றும் பச்சைத் தண்ணீர். சூடு குறையட்டும், அதுவரை தலை சாயாமல் இருக்கட்டும் என்று அவள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கண் பாதி மூடியிருந்தது.

"பேசு. ஏதாவது பேசிட்டே இரு."

"அரப்பு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பப் போய்க் குளியலா உனக்கு?"

"அய்யோ, குளிக்கறதுக்கில்லீங்க." கையைத் தண்ணீரிலிருந்து தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். "எண்ணயப் போக்கறதுக்கு. கொண்டாங்க, சீக்கிரம்."

அவள் கழுத்தை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். போகப் பதினெட்டு அடி வைக்க வேண்டும், வரப் பதினெட்டு. அந்த முப்பத்தாறு அடிக்குள் அவள் தலை தண்ணீருக்குள் போனால் என்ன செய்வது என்று அடிக்கு அடி நினைத்தபடி ஓடினேன். எழுபத்து நான்கு வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால் ஓட்டம்தான்.

அவள் அப்படியே இருந்தாள். பொடியை அவள் கையில் கொட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்தாள். நான் விளிம்பில் கொட்டித் தேய்த்தேன். முழங்கை மூழ்கக் கையை விட்டு உள்படியையும் தேய்த்தேன். ஒவ்வொரு பாதமாகத் தூக்கச் சொல்லி அடியில் அப்பினேன். தண்ணீர் பச்சையாகிக் குளம் போலக் கலங்கியது. கிண்ணம் காலியானபோது விளிம்பில் என் விரல் வழுக்காமல் நின்றது.

"இப்ப வா."

"வாரேன், வாரேன். வெரட்டாதீங்க."

படியில் கால் நின்றது. கை விளிம்பைப் பற்றியது. வலியில் முகம் மறுபடி பழைய முகமானது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அது நிஜம். விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தாள். அவளை அணைத்தபடி மரப்படியில் உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சட்டையெல்லாம் எண்ணெயும் அரப்பும். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர் குடித்த பிறகு தொண்ணூற்றாறு. மூன்றாவது முறை எண்பத்தெட்டு வந்ததும்தான் கையை விட்டேன்.

"உங்களுது எத்தன?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை.

புல்லுக்கட்டோடு வந்த பெண் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏனுங்கய்யா, எரும ஏதாச்சும் எறங்கிருச்சுங்களா?"

நடந்ததைச் சொன்னேன். மறைக்காமல் எண்ணெய் வரைக்கும் சொன்னேன். அவள் என் மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பாதத்தையும் கையையும் தொட்டுப் பார்த்தாள். "நல்லவேள அம்மா தப்பிச்சீங்க. தண்ணி கெடக்குதுங்க, மாத்திக்கலாம். போன மாசம் வந்த ஆளுங்க இதுலதான் கறி தின்ன தட்டெல்லாம் கழுவுனாங்க."

"இதுலயா?" என்றேன்.

"அதுக்கப்புறம் நாலு வாட்டி தேச்சுக் கழுவிப்போட்டனுங்க" என்று அவசரமாகச் சொன்னாள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே சிரித்தாள்.

மகன் வந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொட்டியைத் துடைத்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப நானும் அவனும் அந்தப் பெண்ணும் மத்தியானம் வரை வேலை செய்தோம். என் மனைவி உள்ளே தூங்கினாள். இரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை கதவோரம் போய் நின்று கேட்டேன். கட்டில் ஒரு முறைகூட முனகவில்லை.

மாலை ஐந்தரைக்கு அவள் வெளியே வந்து, தொட்டி அருகே நின்று, தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். தொட்டியின் வெப்பமானி முப்பத்தைந்து டிகிரி காட்டியது.

"எண்ண வெக்கலீங்க" என்றாள்.

வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். இனி எந்தத் தொட்டிப் பக்கமும் போகக் கூடாது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். ஆனால் காலையில் மூன்றாவது நிமிடத்தில் பார்த்த முகமும் நினைவில் இருந்தது. வெளியே நின்றுகொண்டு கடிகாரம் பார்க்கிற ஆளால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் காலையில் தெரிந்துவிட்டது.

சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, முதலில் நான் இறங்கினேன். மருமகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மகன் அம்மாவின் ஒரு கையைப் பிடித்தான், மறு கையை உள்ளிருந்து நான் பிடித்தேன். அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையை என் கைக்குள் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது. என் தோள் என்னைக் கேட்காமலே கொஞ்சம் இறங்கியது.

"கைய உடுங்க. நான் எங்க போறேன்?" என்றாள்.

பத்து நிமிடமும் நான் விடவில்லை.