போன் செய்த ஒரே ஆள்

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் ஒன்றை முகப்பேரில் நடத்துகிறேன். ஒரு மதியம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார்.

"சார், எங்க ஓட்ட கீதுன்னு வெப்சைட்டுங்கள ஸ்கேன் பண்ணிகினு இருந்தேன். உங்க ஏபிஐ விவரப் பக்கம், அதான் உங்க சர்வர்கிட்ட தகவல எப்டி கேக்கணும்னு எழுதி வெச்ச பக்கம், பாஸ்வேர்டு இல்லாம தொறந்து கீது. அதுல சொன்ன மாதிரி கேட்டா, எந்தக் கொழந்த எங்க எறங்குதுன்னு யாருக்கு வேணா காட்டுது."

பணம் பறிக்கப் பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

"இன்னா வேணும் உனக்கு? போலீசுக்குப் போவேன்" என்று கத்தினேன்.

"போங்க சார். மொதல்ல அத்த மூடுங்க. கொரட்டூர்ல எறங்குறதுல ஒண்ணு என் பொண்ணு."

மூடினேன். பிறகுதான் அந்தப் பக்கத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று பார்த்தேன். அவருக்கு முன்பே யார் யாரோ வந்து படித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எனக்குப் போன் செய்யவில்லை.