ஐந்தாவது பாட்டு

என் மகன் பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்க்கிறான். ஜாஸ், புளூஸ், ராக், பாப் என்று வகை வகையாக வைத்திருக்கிறான். எப்போதோ வந்து போனவற்றையே மறுபடி அச்சில் அழுத்தி, புது அட்டை போட்டு விற்கிறார்கள். சிலவற்றில் ஒரே பாடகரின் பாட்டுகளைப் பத்துத் தட்டுகளிலிருந்து பொறுக்கி ஒன்றாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொகுப்பு வீட்டுக்குள் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அட்டையைத் திருப்பி, ஒரு பக்கத்துக்கு எத்தனை பாட்டு, எதற்குப் பின் எது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் உட்காருவேன். “இதுல ஒரு பாட்டுகூட உனக்குத் தெரியாதேப்பா, எதை எண்ணிட்டு இருக்கே?” என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். என் சித்தியின் கல்யாணத்தில் அவன் இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செஞ்சி கடைவீதியில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, மைக் செட் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எடுத்து, திருப்பி, முள்ளை மாற்றி, அடுத்ததை வைக்க வேண்டும். மாமாவிடம் நூற்றுப் பதினாறு தட்டுகள் இருந்தன. எண்ணி அடுக்கியவன் நான்.

எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் மாமா கறாரானவர். பந்தல் கட்டியதும் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை வரும்போது ஒன்று, பெண் மணைக்கு வரும்போது ஒன்று, பெண்ணை அனுப்பும்போது அம்மாக்காரி அழுவதற்கென்றே ஒன்று. “ரெக்கார்டு போடறதும் பந்தி பரிமாறுறதும் ஒண்ணுடா. பாயசம் ஊத்துற எடத்துல ரசத்தை ஊத்துனா எழுந்து அடிப்பான்” என்பார். அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தத் தொகுப்புத் தட்டு வந்து சேர்ந்தது.

சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கூடவே அதை ஓட்டுகிற புது மிஷினும் வந்தது. பெரிய தட்டு, கையில் எடுத்தால் லேசாக வளைந்தது. நாடக மேடையில் பாடிப் பேர் வாங்கிய ஒரு அம்மாளின் பழைய பாட்டுகளைக் கம்பெனிக்காரர்கள் ஒன்றாகச் சேர்த்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

“பன்னெண்டு ரெக்கார்டும் இந்த ஒண்ணுல இருக்குதா? எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்” என்றார் தாத்தா.

“முள்ளை வெச்சிட்டு நீ போயி மூணு இட்லி தின்னுட்டு வரலாம். அதும்பாட்டுக்குப் பாடினே இருக்கும்” என்றார் மாமா.

ஆனால் அவருடைய கைக்குப் பழைய பழக்கம் போகவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் கை தானாகவே முள்ளைத் தூக்கிவிடும். அட்டையில் பாட்டுகளின் பேர் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. மாமாவுக்கு அது வெறும் படம். அதனால் அந்தத் தட்டை ஒரு பக்கம் முழுதாகக் கேட்டவர்கள் வீட்டில் இரண்டே பேர். மத்தியானம் மாமா கடையைச் சாத்திக்கொண்டு வந்து தூங்கும்போது நானும் சித்தியும் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டோம். சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

முதல் பக்கம் பிள்ளையார் பாட்டில் தொடங்கும். இரண்டாவது முருகன். மூன்றாவது ஒரு தெய்வக் கல்யாணம். நான்காவது தாலாட்டு. இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் போடலாம். ஐந்தாவதுதான் மோசம். கணவன் கிணற்றில் தள்ளிக் கொன்ற ஒருத்தி, கிணற்றுக்குள்ளிருந்தே அவனைக் கேள்வி கேட்கிற பாட்டு. கயிறு அறுந்ததா, கால் வழுக்கியதா, கல் பெயர்ந்ததா, நீயே சொல் என்று கேட்பாள். மேளமோ தாளமோ கிடையாது, குரல் மட்டும்தான். அதன் பழைய தட்டை மாமா வாங்கவே இல்லை. அதை எந்த விசேஷத்துக்குப் போடுவது? கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, ஆறாவதாக ஒரு மங்களத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஐந்தாவது வந்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

சித்திக்கு அந்த மாதம்தான் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வல்லத்துக்கு அப்பால் ஒரு கிராமம். நிலபுலமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வியாபாரமும் உண்டு. நாற்பதை ஒட்டிய வயது. முதல் சம்சாரம் போன வருடம் தவறிவிட்டாள். நகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தாத்தா அதை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

நிச்சயம் முடிந்த சில நாட்களில், மல்லாட்டை விற்கிற ஒரு பெண் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். அவள் மாப்பிள்ளையின் ஊர்க்காரி. படி அளந்துகொண்டே சித்தியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். முறத்தில் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்த சித்தியின் கை அப்படியே நின்றது. அன்று சாயங்காலம் சித்தி தாத்தாவிடம் கதவோரம் நின்று எதையோ கேட்டாள். தாத்தாவின் பதில்தான் எனக்குக் கேட்டது.

“தண்ணி சேந்தும்போது கால் வழுக்கிக் கெணத்துல விழுந்தா. அதுக்கு அவர் இன்னா பண்ணுவாரு? ஊருன்னா ஆயிரம் பேசும். செத்தவளைப் பத்தி இனி பேச்சு எடுக்காத.”

அதற்குப் பிறகு சித்தி எடுக்கவில்லை. அழவும் இல்லை. புடவைக்கு நிறம் பார்க்கச் சொன்னால் பார்த்தாள். பாட்டு கேட்பதை மட்டும் விடவில்லை. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, “நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. மொதல் பாட்டு ஆரம்பிச்சா அஞ்சாவது வர எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாத்துச் சொல்லு” என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் மூன்று முறை கணக்கெடுத்தேன். பன்னிரண்டரை நிமிடம். ஒரு வேலையை நம்பி என்னிடம் கொடுத்தார்கள் என்ற பெருமையில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசல் பந்தலில், விடியற்காலை முகூர்த்தம். வேப்ப மரத்தில் ஒரு குழாய், எதிர்வீட்டு மாடியில் ஒரு குழாய். எங்கள் தெருவிலிருந்து ராஜகிரி மலை கூப்பிடு தூரம். குழாயில் பாடினால் பாறையில் பட்டு ஒரு முறை திரும்பி வரும். மாமா மிஷினை எதிர்வீட்டு அறையில் வைத்திருந்தார்.

அன்று மாமாவுக்கு இரண்டு வேலை. பெண்ணின் உடன்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வர வேண்டும். தாலி ஏறும்வரை பக்கத்தில் நிற்கவும் வேண்டும். மேளக்காரர்களோ கால் கழுவும்வரை வாசித்துவிட்டு, தாலிக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிக் காப்பிக்குப் போய்விடுவார்கள். நடுவில் தட்டு மாற்ற யார் இருக்கிறார்கள்? மாமா தலையைச் சொறிந்தார்.

“அந்தப் பெரிய ரெக்கார்டைப் போட்டுட்டு வாண்ணா. மொதல் பக்கம் பூரா சாமி பாட்டுதான்” என்றாள் சித்தி.

“பசங்க எவனாச்சும் கை வெச்சிட்டா?”

“ரூமைப் பூட்டிடு. பட்டு வேட்டியில சாவி எங்க நிக்கும்? என்கிட்ட குடு.”

மாமாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பிள்ளையார் பாட்டைத் தொடக்கிவிட்டு, அறையைப் பூட்டி, சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவ ஓடினார். பெண்ணை அழைத்து வரச் சொல்லிப் புரோகிதர் இரண்டு முறை குரல் கொடுத்தார். சித்தி உள்ளே கொசுவத்தைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவசரப்படுத்தினாள். “தாலாட்டு ஆரம்பிச்சதும் வந்து சொல்லு” என்று சித்தி என் காதில் சொன்னாள். தாலாட்டு தொடங்கியது. சொன்னேன். சித்தி எழுந்தாள்.

அவள் மணையில் உட்காரவும் தாலாட்டு முடியவும் சரியாக இருந்தது. புரோகிதர் தாலித் தட்டைப் பெரியவர்களிடம் கொடுத்து ஆசி வாங்கிவரச் சொன்னார். கொஞ்ச நேரம் குழாயில் முள் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது.

முதல் அடியில் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாவது அடியில் ஒரு கிழவி, “இது இன்னா எழவுப் பாட்டு?” என்றாள். பந்தல் முழுவதும் கைகள் அப்படி அப்படியே நின்றன. சந்தனக் கிண்ணம் நீட்டியவர் நீட்டியபடி நின்றார். தாலித் தட்டு ஒரு பெரியவரின் கையோடு நின்றுவிட்டது. கயிறு அறுந்ததா என்று குழாய் கேட்டது. அது அடங்குவதற்குள் மலை ஒரு முறை கேட்டது.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. “சாவி, சாவி” என்று கத்தினார். சித்தி தலை குனிந்திருந்தாள். “பாப்பா, சாவியக் குடு.” அவள் நிமிரவில்லை. அவ்வளவு இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு பேர் பூட்டை உடைக்க ஓடினார்கள், அது அசையவில்லை. ஒருவன் குழாயை அவிழ்க்க வேப்ப மரத்தில் ஏறிப் பாதியில் வழுக்கினான். தாத்தா, “டேய், நிறுத்துடா, குடும்பத்தைக் கெடுக்க வந்தவனே” என்று மாமாவை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கால் வழுக்கியதா என்று குழாய் கேட்டது. மலையும் கேட்டது.

நான் காதைப் பொத்திக்கொள்ள மறந்துவிட்டேன். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்து, நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. அவர் மரத்தையோ குழாயையோ பார்க்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கல் பெயர்ந்ததா என்று மூன்றாவது கேள்வி வந்தது. மலை அதைத் திருப்பிச் சொல்வதற்கு முன்னால் அவர் மணையிலிருந்து எழுந்துவிட்டார். மாலை அறுந்து விழுந்தது.

“எவன் சொன்னது உங்களுக்கு?” என்றார். “சொல்லுங்க. எவ வந்து சொன்னா?”

தாத்தாவின் ஓங்கிய கை மேலேயே நின்றது.

மாப்பிள்ளையின் தாய் ஓடி வந்து அவருடைய வாயைப் பொத்தினாள். அவள் வந்த வேகம் எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. பெண்களுக்குள் யாரோ விசும்பினார்கள். தாத்தா கையை இறக்கி, மாப்பிள்ளையைப் பார்த்தார். அவருடைய தாயைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். சித்தி இப்போது நிமிர்ந்திருந்தாள். தாத்தா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“எழுந்து உள்ள வாம்மா” என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் வந்த வில்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போயின. அதற்குள் ஐந்தாவது பாட்டு முடிந்து ஆறாவது தொடங்கியிருந்தது. கம்பெனிக்காரர்கள் வைத்த வரிசைப்படி, பாதி காலியான பந்தலுக்குக் குழாய் மங்களம் பாடியது. காப்பி குடித்துவிட்டு வந்த மேளக்காரர்கள், தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்து அவசர அவசரமாக உறையைப் பிரித்தார்கள்.

நான் மாமாவிடம் போய், “பாட்டை நிறுத்துன்னுதான எல்லாரும் சொன்னாங்க? அவரு மட்டும் ஏன் மாமா எவன் சொன்னதுன்னு கேட்டாரு?” என்றேன். மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “போடா அந்தாண்ட” என்றார்.

உள்ளே சித்தி சுவரோரம் உட்கார்ந்து, தலையிலிருந்து பூவை ஒவ்வொரு சரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வலது கையை நீட்டி விரித்தாள். சாவி அதில்தான் இருந்தது. அது இருந்த இடத்தில் அதன் பல் அப்படியே உள்ளங்கையில் பதிந்து, மருதாணியைவிடச் சிவப்பாக இருந்தது.

“மாமாகிட்ட குடு. முள்ளு தேயப் போவுது” என்றாள். பிறகு என் தலையைத் தொட்டு, “நீ சொன்ன கணக்கு கரெக்டா இருந்திச்சுடா” என்றாள்.

சாவி சுடச்சுட இருந்தது. பாவம் சித்தி, பயத்தில் சாவி கையில் இருப்பதையே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமே நின்றுபோன நேரத்தில் என் கணக்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அவளுக்கு எப்படித் தோன்றியது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.