இராகுகாலத்தில் பிறந்த கேர்னல்

ஒரு பொருளைச் செய்கிறவருக்குக் கிடைக்கிற பாராட்டில் கால்வாசிகூட அதற்கு லேபல் ஒட்டுகிறவளுக்குக் கிடைக்காது. பிழை வந்தால் மட்டும் முழுப் பங்கும் அவளுக்குத்தான். கந்தோர், கடை, மருந்தகம் என்று எங்கேயாவது லேபல் ஒட்டி விரல் காய்ந்த சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தியப் படை இங்கே நின்ற காலம் அது. பருத்தித்துறையில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. கரவெட்டிப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை படித்த நான், கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போனேன். மெசினை எழுப்பி வேலை வாங்குகிற அடிப்படைப் புறோகிராமின் நடுப்பகுதிக்குக் கேர்னல் என்று பேர். அங்கே படிப்பித்த ஆனந்தன் அண்ணை, திரையில் தமிழ் எழுத்து வரவேண்டும் என்று அந்தக் கேர்னலைப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டக் கட்ட, அதைப் பதிந்து வைக்கிற டிஸ்குகளுக்குப் பேர் எழுதி ஒட்டுவது என் வேலை.

கடைசிக்குக் கடைசி

முதல் டிஸ்கில் "புதிசு" என்று எழுதினேன். அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. அதற்கு "நல்ல புதிசு". பிறகு "கடைசி". அதற்குப் பிறகும் ஒன்று வந்தபோது, கூச்சப்படாமல் "கடைசிக்குக் கடைசி" என்று எழுதினேன். எல்லாம் வடிவான கையெழுத்து, அதில் குறையில்லை.

ஒருநாள் அண்ணை பழைய டிஸ்கைப் போட்டுவிட்டு, தான் திருத்திய பிழை திரும்ப எப்படி வந்தது என்று அரைநாள் தலையைப் பிய்த்தார். விசயம் விளங்கியதும் நாலு டிஸ்கையும் என் மேசையில் பரப்பினார். "தங்கச்சி, உங்கடை 'புதிசு' போன மாதத்தான், 'கடைசி' போன கிழமையான். உதிலை ஆர் பிள்ளை, ஆர் பேரப்பிள்ளை?"

பதினேழு பேர்

அன்றிலிருந்து இலக்கம் போட்டேன். பதினேழாவதை யாழ்ப்பாணத்தில் இன்னொரு மெசினில் போட்டுப் பார்க்க, அண்ணை என்னை அனுப்பினார். புத்தூரில் பஸ்ஸை மறித்துப் பைகளைப் பார்த்தார்கள். டிஸ்கைத் தூக்கிப் பிடித்த சிப்பாய் தமிழ்நாட்டுக்காரன். இது என்ன என்று கேட்டான். பயத்தில் எனக்கு வாயில் வந்தது, "கேர்னல், பதினேழு" என்பதுதான்.

அவன் டிஸ்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மற்றச் சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு சிரித்துக்கொண்டு டிஸ்கைத் திருப்பித் தந்தான். "பதினேழு கர்னலா? எங்க கேம்புக்கே ஒருத்தர்தாம்மா இருக்காரு!"

மெசின் வைத்த பேர்

இலக்கமும் நிலைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிப்போய் வந்த கிழமை, இருபத்தொன்றை இரண்டு டிஸ்கில் எழுதிவிட்டேன். அண்ணை கோபிக்கவில்லை. சின்னப் புறோகிராம் ஒன்று எழுதினார். கேர்னல் கட்டி முடிந்ததும், மெசின் தன் மணிக்கூட்டைப் பார்த்து, திகதியையும் மணியையும் சேர்த்து (நிமிடத்துக்குப் பேரில் இடமில்லை) தானே பேர் வைத்து உள்ளே பத்திரப்படுத்திவிடும்.

ஒரே ஒரு கரைச்சல்: கறண்ட் போனால் அந்த மணிக்கூடு எல்லாவற்றையும் மறந்துவிடும். மெசினைப் போடும்போதெல்லாம் திகதியும் நேரமும் நான் அடித்துக் கொடுக்கவேண்டும். "அதை மட்டும் சரியாக் குடுங்கோ, தங்கச்சி. ஒரே நேரம் ரெண்டு தரம் வராதுதானே, அப்ப ஒரே பேரும் ரெண்டு தரம் வராது."

ழ

நாலு மாதத்தில் எல்லா எழுத்தும் வந்துவிட்டது, "ழ" மட்டும் வரவில்லை. அதை அடித்தால் "ள" வந்தது. அதற்குள் பள்ளிக்கூட அதிபர்மார் ஐந்து பேர் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள், ஒரு புதன்கிழமை. அவர்களுக்குப் பிடித்தால், பள்ளிக்கூடங்களில் இதைப் படிப்பிக்கும் வேலை அண்ணைக்கு. பிடிக்காவிட்டால் கனடாவிலிருக்கும் தமையனிடம் போகவேண்டியதுதான், வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் போக மனமில்லை.

முதல்நாள் செவ்வாய், இரண்டு மணிக்குக் கட்டி முடிந்த கேர்னலைப் போட்டுவிட்டு, "ழ வாற சொல் ஒண்டு சொல்லுங்கோ" என்றார். என் மகளின் பேரைச் சொன்னேன். "யாழினி" என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. நான் கத்தியே விட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, நான் போகேல்லை."

செவ்வாய் மூன்று மணிக்குப் பிறகு

திறந்ததும் "வணக்கம்" என்று வந்தால் அதிபர்மாருக்கு மரியாதையாக இருக்கும் என்று, அண்ணை அதையும் சேர்த்து இன்னொருதரம் கட்டவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். டிஸ்க் தட்டுப்பாடு, முடிந்தபிறகு ஒன்றாகப் பிரதி எடுக்கலாம் என்றார். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை இராகுகாலம். நாளைக்கு ஒரு மனிசனின் தலைவிதியைத் தீர்க்கப்போகிற கேர்னலுக்கு இராகுகாலத்திலா பேர் விழுவது? நல்லெண்ணத்தோடு, "ழ" வந்த நல்ல நேரம் என்று மெசின் மணிக்கூட்டை இரண்டு மணிக்குத் திருப்பி வைத்தேன்.

மெசின் சொன்னபடி செய்தது. இரண்டு மணிக்கு உரிய பேரை வைத்தது. அந்தப் பேரில் ஏற்கெனவே இருந்த நல்ல கேர்னலை அழித்துவிட்டு அதன் இடத்தில் புதியதை எழுதியது. புதியதிலோ, வணக்கத்துக்கு இடம் விட்டு எழுத்துகளை நகர்த்தியதில் "ழ" மறுபடியும் "ள" ஆகிவிட்டது. பழையது பத்திரமாக இருக்கிறதென்ற நம்பிக்கையில், எதை எங்கே மாற்றினார் என்று அண்ணை குறித்தும் வைக்கவில்லை. தேடத் தொடங்க, கறண்டும் போய்விட்டது. அழுதழுது உண்மையைச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாப் பிழைக்கும் வழி எழுதி வைச்சனான் தங்கச்சி, இராகுகாலத்துக்கு எழுதேல்லை."

ஐந்து அதிபர்மார்

கறண்ட் வந்தது புதன் காலை ஒன்பதரைக்கு. அதிபர்மார் வந்தது பத்துக்கு. வணக்கம் வடிவாக வந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அவர்களில் மூத்தவர் தானே அடித்துப் பார்க்கவேண்டும் என்று முன்னால் வந்து இருந்தார். வேறு சொல்லா இல்லை உலகத்தில்? ஒரு விரலால் தேடித்தேடி அவர் அடித்த சொல், திரையில் "தமிள்" என்று வந்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இன்னொருதரம் பார்த்தார். "எல்லாம் நல்லாயிருக்கு தம்பி. ஆனா தன்ரை பேரையே சொல்லத் தெரியாத பிள்ளையை நான் எந்த வகுப்பிலை சேர்க்கிறது?"

இரண்டு மாதத்தில் ஆனந்தன் அண்ணை கனடாவுக்குப் போனார். இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், நான் பார்த்துக் கொடுத்த நல்ல நேரம்தான் ஒரு மனிசனை ஊரைவிட்டே அனுப்பியது.