ஹவாய்ப் பாடத்துக்குச் சேப்பங்கிழங்கு

எண்பதுகளில் நாங்கள் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் என்ற ஊரில் இருந்தோம். மூன்றாம் வகுப்பில் என் மகளுக்கு ஹவாய்த் தீவுகள் பாடம். கடலடி எரிமலைகள் பொங்கி உண்டான தீவுகள் அவை. வெகுகாலம் அங்கே மனிதர்களே இல்லை. பிறகு நட்சத்திரங்களைப் பார்த்துப் படகோட்டி வந்தவர்கள் வாழை, மஞ்சள், சேப்பங்கிழங்கு எல்லாம் கொண்டுவந்தார்கள்.

"அப்பா, சேப்பங்கிழங்கு நான் கொண்டுவரேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, தானாகக் கை தூக்கியிருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் சீக்கிரமே எழுந்து, இருந்த கிழங்கையெல்லாம் தலையை நறுக்கி வேகவைத்து, மொறுமொறுவென்று வறுத்து டப்பாவில் வைத்தேன்.

திறந்து பார்த்தவளின் முகம் வாடிவிட்டது. "ஐயோ அப்பா, இது ஷோ பண்றதுக்கு. ஃப்ரை பண்ணிட்டீங்களே."

"சாரிம்மா, சாப்பிடத்தான்னு நெனச்சேன்."

கடை திறக்காத நேரம். அழுதுகொண்டே புத்தகத்தைப் புரட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினாள். கிழங்கின் தலைத்துண்டை நட்டுத்தான் அந்த மக்கள் தோட்டம் போட்டார்களாம். குப்பைக்கூடையிலிருந்து முளையுள்ள தலைகள் மூன்றைப் பொறுக்கிக் கழுவி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

மாலையில் வந்து சொன்னாள்: "நான் பேசிக்கிட்டே இருந்தேன்ப்பா. டீச்சர்தான் போதும், உக்காருன்னாங்க."