நம்பருக்கு முன் வந்த நல்ல நாள்

நாட்குறிப்பில் ராகு காலத்தைக்கூட எழுதிவைப்பவன் நான். மகளின் புது ஸ்கூட்டருக்குப் பதிவு எண் வருமுன்பே, முகூர்த்தம் தவறக்கூடாதென்று ஷோரூமில் மன்றாடி வாங்கி, கோயிலுக்கு ஓட்டிப்போனேன். அவனியாபுரத்தில் ஒரு பெண் காவலர் மறித்தார்.

"மக வண்டிம்மா, சாமி கும்பிடத்தான் கொண்டு போறேன். இன்னைக்கு விட்டா நல்ல நாளே இல்ல."

"நாள் பாத்தீக, நம்பர் பாக்கலையேண்ணே! யாரையாச்சும் இடிச்சா, கேஸுன்னு அலையப்போறது உங்க மகதான்."

சக்கரத்தடியில் வைக்க எடுத்துவந்த எலுமிச்சம்பழம் சட்டைப்பையில் கனத்தது. வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவாரென்று பயந்தேன். அவரோ என்னை ஷோரூமுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அங்கிருந்து வேன் வந்து வண்டியை ஏற்றிப்போகும்வரை வெயிலில் உடன் நின்றார்.

எண் பலகை வந்தது அஷ்டமியன்று. "இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. எப்பப்பா எடுக்க?" என்று மகள் சிரித்தாள்.

"இப்பவே எடும்மா" என்று எலுமிச்சம்பழத்தை நானே வைத்தேன். அன்றைய தேதிக்கு நேரே 'நல்ல நாள்' என்று எழுதியிருக்கிறேன்.